மாநக்கவாரத்துக்குப் பதில் ஹரியானாவா?

போன இதழில், கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகமும் நகரமும் வரப்போவதால் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு கைமாறுகிறது என்று போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு நாகப்பட்டினம், வேதாரண்யம், மன்னார்குடி, கும்பகோணம் என்று டெல்டா முழுவதிலுமிருந்து கடிதம் வந்து குவிந்துவிட்டது. பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டை நான் வைத்துக்கொள்கிறேன், கேள்விகளுக்குப் பதில் கீழே.

கேள்வி: குறுவைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று நாங்கள் மேட்டூரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கடலுக்கு நடுவில் எங்கேயோ கிடக்கும் தீவைப் பற்றி நமக்கு எதற்கு ஐயா கவலை? (மன்னார்குடி விவசாயி ஒருவர்)

கேள்வி நியாயம், கோபமும் நியாயம். ஆனால் அந்தத் தீவு நமக்கு நீங்கள் நினைக்கிற அளவுக்கு அந்நியம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி இருக்கிறது. அவன் கடல் கடந்து போய்க் கொண்ட ஊர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது ‘தேனக்க வார்பொழில் மாநக்க வாரமும்’ என்று ஒரு வரி. மாநக்கவாரம்தான் நிக்கோபார். மற்ற ஊர்களில் பலவற்றுக்குக் கோட்டை, மதில், காவல் என்று அடைமொழி போட்ட புலவர், இந்த இடத்துக்கு வந்ததும் தேன் மணக்கும் நீண்ட சோலை என்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அந்தத் தீவுக்கு அடையாளம் காடுதான். (2024-ல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியபோது சோழர் தொடர்பு பற்றி நிறையப் பேசினார்கள். சோழர் கல்வெட்டில் இருக்கும் சோலையைப் பற்றி யாரும் பேசக் காணோம்.)

இன்னொரு உறவும் உண்டு, அது சந்தோஷமான உறவு இல்லை. 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நம் கரைக்கு வருவதற்கு முன்னால் அதே அலை கிரேட் நிக்கோபாரில் ஏறியது. அங்கே அலை மட்டும் இல்லை, நிலமே கீழே இறங்கிவிட்டது. தென்கோடியில் இந்திரா முனையில் நாலு மீட்டருக்கு மேல் இறங்கி, தரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் காலைக் கடல் சூழ்ந்துகொண்டது. நமக்குக் கடல் வந்துவிட்டுப் போனது, அவர்களுக்கு வந்த கடல் திரும்பிப் போகவே இல்லை. நடுவில் 1,600 கிலோமீட்டர் தண்ணீர் இருந்தாலும் ஒரே நாளில் அடிபட்ட இரண்டு கரைகள் இவை.

கேள்வி: மழைக்காடு என்றால் வால்பாறை மாதிரிதானே? அங்கே மட்டும் என்ன விசேஷம்? (கும்பகோணம் கல்லூரி மாணவி)

மழை விஷயத்தில் அப்படித்தான். தஞ்சாவூர்ப் பக்கம் வருஷத்துக்கு 1,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை, அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அங்கே 3,000-க்கு மேல், இரண்டு பருவமழையும் உண்டு, ஆகவே காடு காய்வதே கிடையாது. வித்தியாசம் தீவு என்பதில் இருக்கிறது. புலி, யானை எதுவும் அங்கே இல்லை. இருப்பதெல்லாம் நீந்தியோ பறந்தோ மிதந்தோ எப்போதோ போய்ச் சேர்ந்து, வெளித்தொடர்பு அற்று, அந்த மண்ணுக்கென்றே மாறிப்போனவை. மண்ணையும் சருகையும் குவித்து அந்த மேட்டுக்குள் முட்டையிடும் மெகபோடு பறவை, அணில் மாதிரி இருந்தாலும் அணில் அல்லாத மரமூஞ்சூறு, உருவத்தில் சிறிய கிரேட் நிக்கோபார் பாம்புண்ணிக் கழுகு, நீண்ட வால் குரங்கு. அந்தக் குரங்கு வகை நிக்கோபாரில் மூன்றே தீவுகளில்தான் இருக்கிறது. தென்னை மரமேறி மட்டையை உரித்துத் தேங்காயை உடைக்கும் நண்டு கூட உண்டு, நம்மூரில் மரம் ஏற ஆள் கிடைக்காத காலத்தில் கேட்டால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. நம் வாய்க்கால் ஓரத்தில் தாழம்புதர் இருக்கும், பூவைத் தலையில் வைப்போம், பாம்பு வரும் என்று பிள்ளைகளை மிரட்டுவோம், அத்தோடு சரி. அங்கே தாழையின் பெரிய இனம் ஒன்று வளர்கிறது, அதன் பழத்தை வேகவைத்து மசித்துக் களி மாதிரி ஆக்கிச் சாப்பிடுவது நிக்கோபார் மக்களுக்குப் பரம்பரை உணவு. காட்டில் வாழும் ஷொம்பேன் மக்களுக்கும் அதுதான் சோறு. மரத்தை எண்ணுகிறவர்களின் கணக்கில் அது ஒரு மரம். அவர்களுக்கு அது வயல்.

கேள்வி: மரத்தை வெட்டினால் வேறு இடத்தில் நடுகிறார்கள். இதில் என்ன நஷ்டம்? நீங்கள் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறீர்கள். (திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர்)

எங்கே நடுகிறார்கள் தெரியுமா? ஹரியானாவில். முதலில் கேட்டபோது யாரோ கேலிக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், அப்புறம் பார்த்தால் உண்மை. அனுமதி கொடுத்தபோது இருந்த விதி இப்படி: ஒரு மாநிலத்திலோ யூனியன் பிரதேசத்திலோ ஏற்கெனவே முக்கால் பங்குக்கு மேல் காடு இருந்தால் வெட்டியதற்கு ஈடாகக் காடு வளர்க்க அங்கே இடமில்லை, ஆகவே வேறு மாநிலத்தில் வளர்த்துக்கொள்ளலாம். அதாவது காட்டை ஒழுங்காக வைத்திருந்த குற்றத்துக்காக அந்தத் தீவுக்கு ஒரு கன்று கூடக் கிடையாது. ஹரியானாவுக்கு மரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வறண்ட பூமி, நட்டால் நல்லதுதான். ஆனால் அது தனிக் கணக்கு. கஜா புயலில் உங்கள் தோப்பில் நூறு தென்னை சாய்ந்தது என்று வையுங்கள். அதற்குப் பதிலாகத் தர்மபுரியில் யாரோ ஒருவர் கொல்லையில் நூறு புளியங்கன்று நட்டுவிட்டு, உங்கள் நஷ்டம் நேராகிவிட்டது, கையெழுத்துப் போடுங்கள் என்றால் போடுவீர்களா?

வெட்டப்படும் மரங்கள் 9.64 லட்சம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அந்த எண்ணிக்கையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு அதைவிடப் பெரிய கவலை, மரம் நட்டால் காடு வந்துவிடும் என்கிற நம்பிக்கையைப் பற்றித்தான். அந்த நம்பிக்கையால் அடிபட்டவர்கள் நாம். கோடியக்கரைக்குப் போய்ப் பாருங்கள், 1967-லிருந்து சரணாலயம், வெளிமானுக்குப் பேர் போன இடம். வெளிமானுக்கு வேண்டியது புல்வெளி, திறந்த வெளி, ஓட இடம். அங்கே என்ன நடந்தது? விறகுக்கு ஆகும், வறட்சிக்குத் தாங்கும், பச்சையாகத் தெரியும் என்று ஒரு காலத்தில் ஊர் ஊராக விதை போட்டு வளர்த்த சீமைக்கருவேலம் சரணாலயத்துக்குள்ளும் புகுந்து புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. மேலேயிருந்து படம் எடுத்தால் எல்லாம் பச்சைதான். மானுக்கு மட்டும்தான் தெரியும் அது பச்சை இல்லை என்று.

சுனாமிக்கு அப்புறம் கரையோரம் முழுக்கச் சவுக்கு வைத்தார்களே, அதுவும் இதே கதை. அலையைத் தடுக்கும் என்று சொன்னார்கள். மணல்மேடு இயற்கையாகச் செய்துகொண்டிருந்த வேலை அது. சில இடங்களில் சவுக்கு கரையை ஒட்டியே வந்து ஆமை முட்டையிடும் மணலுக்கு நிழல் கட்டிவிட்டது. ஆமை முட்டைக்குச் சூடு ஒரு கணக்கு. மணலின் சூடு சுமார் 29 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து பொரிக்கும், அதற்கு மேலே போனால் பெண் குஞ்சு, கீழே போனால் ஆண் குஞ்சு. ஒரு வரிசை மரம் வைத்தால் ஆமைக் குடும்பத்தின் கணக்கே மாறலாம். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதே கோடியக்கரையில் பாலை மரக் காடு இருக்கிறது, வேதாரண்யத்தில் பாலைப்பழம் வாங்கித் தின்றவர்களுக்குத் தெரியும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது அந்தக் காட்டை நான் மறுவாரம் போய்ப் பார்த்தேன், இலை என்று ஒன்று இல்லை, வெந்துபோன மாதிரி நின்றது. யாரும் போய் நடவில்லை, பல மரங்கள் தானாகத் துளிர்த்தன. மண், வேர், பழம் தின்று விதை போடும் பறவை எல்லாம் அந்த இடத்திலேயே இருந்ததால் திரும்பியது. மழைக்காட்டை அடியோடு எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டால் எதிலிருந்து திரும்பும்?

பவளப்பாறைகளைக் கூடப் பெயர்த்து வேறு இடத்தில் ஒட்டுகிறார்களாம். நாற்றைப் பறித்து நடுவது போல என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கேள்வி: எங்கள் கரைக்குத் தை, மாசியில் ஆமை ஏறும். நிக்கோபார் ஆமையும் இதே ஆமைதானா? எங்கள் வலையில் செத்தால் மட்டும் எங்களைக் குற்றவாளியாக்குகிறார்கள், அங்கே கரையையே எடுக்கிறார்களே? (ஆறுகாட்டுத்துறை மீனவ இளைஞர்)

தம்பி, உங்கள் கரைக்கு ஏறுவது பெரும்பாலும் பங்குனி ஆமை, சின்னது, ஐம்பது கிலோவுக்குள் அடங்கும். நிக்கோபாரிலும் அது உண்டு, ஆனால் அங்கே பேர் போனது ஏழுவரி ஆமை. உலகத்துக் கடலாமைகளிலேயே பெரியது, நானூறு ஐந்நூறு கிலோ சாதாரணம். கெட்டி ஓடு கிடையாது, தோல்தான், முதுகில் ஏழு வரி ஓடும். தின்பது சொறி, அதாவது ஜெல்லி மீன். அதனால்தான் கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் பையைச் சொறி என்று நினைத்து விழுங்கிச் சாகிறது. லிட்டில் அந்தமானில் முட்டையிட்டுப் போன ஏழுவரி ஆமைகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தபோது சிலது மேற்கு ஆஸ்திரேலியா பக்கம் போனது, சிலது ஆப்பிரிக்கா பக்கம் போனது. அவ்வளவு தூரம் போய்விட்டு முட்டையிட மட்டும் இந்தத் தீவுகளுக்கு வருகிறது.

கிரேட் நிக்கோபாரில் அது ஏறும் முக்கியமான கரை கலாத்தியா விரிகுடா. சுனாமியில் அந்த மணல் காணாமல் போனது, அப்புறம் மெதுவாக மணல் சேர்ந்தது, ஆமையும் திரும்பி வந்தது. அந்த விரிகுடாவில்தான் துறைமுகம். அங்கே இருந்த சரணாலயத்தை 2021 ஜனவரியில் விலக்கினார்கள். அதே ஆண்டில் வெளியான தேசிய கடலாமைச் செயல்திட்டத்தில் கலாத்தியா முக்கியமான முட்டையிடும் கரை என்று எழுதியிருக்கிறது. ஒரு கை எழுதியது இன்னொரு கைக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும்தான்.

உங்கள் கோபம் சரி, ஆனால் நம் பக்கமும் முழுச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமை செத்து ஒதுங்கியதே, மூச்சு வாங்க மேலே வர முடியாமல் இழுவலைக்குள் மூழ்கிச் செத்தவை என்றுதான் பரிசோதனையில் தெரிந்தது. ஆமை கரை ஏறுவது ஜனவரி முதல் மார்ச் வரை. நம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து 61 நாள். ஆமைக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. மிச்சம் இருப்பது, விசைப்படகு கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் இழுக்கக் கூடாது என்ற விதி. அதை மீறுகிறவர்கள் யார் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவர்களால் உங்கள் நாட்டுப்படகு வலைதானே முதலில் அறுகிறது?

கேள்வி: சிங்கப்பூர் துறைமுகம் கட்டியபோது யாரும் ஆமையைக் கேட்கவில்லை. நம் நாடு மட்டும் முன்னேறக் கூடாதா? (நாகப்பட்டினம் வாசகர்)

முன்னேறட்டும். மலாக்கா நீரிணையின் வாசலில் இருக்கும் தீவு அது, அங்கே கடற்படைக்கு இடம் வேண்டும் என்றால் நான் வாதாட மாட்டேன். நம் சரக்குப் பெட்டிகள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறுவதும் உண்மை. ஆனால் திட்டம் துறைமுகத்தோடு நிற்கவில்லை. விமான நிலையம், மின் நிலையம், அதோடு ஒரு நகரம், மொத்தம் 166 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் எண்ணாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த தீவில் மூன்று லட்சத்துக்கு மேல் ஆட்கள் குடியேறலாம் என்று திட்டத்திலேயே இருக்கிறது. குடிதண்ணீர் எங்கிருந்து என்று கேட்க டெல்டாக்காரனுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

அங்கே இருக்கும் மனிதர்களையும் பாருங்கள். ஷொம்பேன் மக்கள் அதே கணக்கெடுப்பில் 229 பேர். வெளியாட்களோடு அதிகம் பழக்கம் இல்லாதவர்கள், நமக்கு மூன்று நாள் ஜலதோஷம் அவர்களுக்கு என்ன செய்யும் என்று யோசியுங்கள். நிக்கோபார் மக்களைச் சுனாமிக்குப் பிறகு தெற்கு, மேற்குக் கரை ஊர்களிலிருந்து கூட்டிவந்து கேம்பல் பே பக்கம் குடியிருப்புகளில் வைத்தார்கள், தற்காலிகம் என்று சொல்லி. இன்னும் பழைய ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுடைய பழங்குடிக் குழு முதலில் கொடுத்த சம்மதத்தை 2022 நவம்பரில் திரும்ப வாங்கிக்கொண்டது. கடலைப் பார்த்து வாழ்ந்தவர்களைக் கொண்டுபோய் உள்ளே, வரிசை வீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்பதை நாகப்பட்டினம் சுனாமி குடியிருப்பில் இருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், நீங்களே பக்கத்தில்தான் இருக்கிறீர்கள்.

கேள்வி: பாமாயில் வாங்கினால் தீவுக் காடு அழிகிறது, குரங்கு சாகிறது என்று என் மகள் ரேஷன் கடைக்குப் போகவே விடமாட்டேன் என்கிறாள். நிஜமா? (திருவாரூர் வாசகி)

மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. போர்னியோ, சுமத்ரா தீவுகளில் ஒராங்குட்டான் வாழும் மழைக்காட்டில் பெரிய பரப்பை வெட்டி எண்ணெய்ப்பனை போட்டார்கள், நமக்கு வரும் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்துதான். இங்கேயும் லிட்டில் அந்தமானில் மழைக்காட்டை வெட்டி எண்ணெய்ப்பனைத் தோட்டம் போட்டு, அப்புறம் கைவிட்ட கதை ஒன்று இருக்கிறது. ஆனால் ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்கு எண்ணெய் வாங்கித் தாளிக்கிற வீட்டைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. எண்ணெய்ப்பனை மேல் தப்பில்லை அம்மா, ஒரு ஏக்கரில் கடலையைவிடப் பல மடங்கு எண்ணெய் தரும் மரம் அது. எந்த இடத்தை அழித்து நட்டார்கள் என்பதுதான் சங்கதி. மகளிடம் சொல்லுங்கள், ரேஷன் எண்ணெய் வேண்டாம் என்றால் வீட்டில் கடலையெண்ணெய்க்கு அவள் சம்பளத்தில் காசு கொடுக்கட்டும்.

கேள்வி: அந்தமான் சுற்றுலா போனோம். ராஸ் தீவில் புள்ளிமான்கள் கைக்கருகில் வந்து தின்றன. இயற்கையை எவ்வளவு அழகாகக் காப்பாற்றுகிறார்கள்! (தஞ்சாவூர் வாசகி)

உங்கள் சந்தோஷத்தில் மண் போடுவதற்கு மன்னியுங்கள். புள்ளிமான் அந்தமானுக்குச் சொந்தம் இல்லை. வெள்ளைக்காரன் வேட்டைக்காகவும் அழகுக்காகவும் கொண்டுபோய் விட்டது. அங்கே புலியும் சிறுத்தையும் இல்லாததால் பெருகி, ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நீந்தியும் போய்விட்டது. முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்துவிடுவதால் பெரிய மரம் சாய்ந்தால் அந்த இடத்துக்கு அடுத்த மரம் வருவதில்லை. காடு வெளியே பார்க்கக் காடாகவே இருக்கும், உள்ளே பிள்ளைகள் இல்லாத வீடு. இன்டர்வியூ தீவில் யானைக்கூட்டமே உண்டு, மரம் இழுக்கக் கொண்டுபோன கம்பெனி தொழிலை மூடியபோது அவிழ்த்து விட்டுவிட்டுப் போனது.

கோடியக்கரையில் புள்ளிமானைப் பார்த்து ரசியுங்கள், அது அதன் ஊர். ராஸ் தீவில் ரொட்டி கொடுக்காதீர்கள்.

கேள்வி: மெகபோடு பறவை அடைகாக்காது என்று எங்கள் டீச்சர் சொன்னாங்க. அப்போ குஞ்சு வெளியே வந்ததும் அம்மாவைத் தேடி அழாதா? (மயிலாடுதுறை, ஆறாம் வகுப்பு)

அழாது கண்ணு. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து காலால் மண்ணையும் சருகையும் இழுத்து இழுத்து ஒரு மேடு கட்டும், சில மேடு உன் உயரம் இருக்கும். உங்கள் வீட்டு எருக்குழியில் கையை வைத்தால் சுடும் இல்லையா, அதே சூடுதான், சருகு மக்கும்போது வருவது. முட்டையை அதற்குள் புதைத்துவிட்டு, அவ்வப்போது வந்து மேட்டைக் கிளறி மண்ணும் சருகும் சேர்க்கும். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். குஞ்சு முழு இறகோடு உள்ளேயே பொரித்து, தானே மண்ணைத் தோண்டிக்கொண்டு மேலே வந்து, யாரையும் பார்க்காமல் நேரே காட்டுக்குள் நடந்து போய்விடும். சுனாமியில் அந்த மேடுகள் நிறைய அழிந்தன, ஏனென்றால் அது மேடு கட்டுவது கடற்கரையை ஒட்டியே இருக்கும் காட்டில்தான். தப்பித்த பறவைகள் திரும்ப அதே கரையோரம் வந்து மண்ணை இழுக்க ஆரம்பித்தன.